வற்றிய ரேடியேட்டரும் வினையும்

டிராக்டர் இன்ஜினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைச் சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. கூலண்ட் என்பது எத்திலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர். கொதிநிலையைச் சற்று உயர்த்தும், துருப்பிடிக்காமல் காக்கும், சிலிண்டரின் உள்ளுறையான லைனரின் வெளிச்சுவரில் குமிழிகள் வெடித்துக் குழி விழுவதைத் தடுக்கும். ஹோஸ் வெடித்தோ, வாட்டர் பம்ப் சீல் தேய்ந்தோ, ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தோ இந்தத் தண்ணீர் வெளியேறிவிட்டால், சுமை இழுத்துக்கொண்டிருக்கும் இன்ஜின் சில நிமிடங்களில் தாங்கும் எல்லையைக் கடந்துவிடும். சிலிண்டர் ஹெட் வளையும். ஹெட் கேஸ்கட் போகும். பிஸ்டன் விரிந்து லைனரோடு உரசி, கடைசியில் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். பட்டறையில் இதை 'சீஸ் ஆயிடுச்சு' என்பார்கள். ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய்ச் சமன்படுத்துவதோடு முடிந்தால் சிறிய செலவு. லைனரும் பிஸ்டனும் மாற்ற வேண்டி வந்தால் ஒரு சிறு விவசாயியின் ஒரு பருவத்து மிச்சம் முழுக்க அதில் கரைந்துவிடும்.

இந்த இழப்புக்குக் காரணம் என்ன என்று கேட்டால் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களில் ஒரே மூச்சில் இரண்டு பதில்கள் வரும். தண்ணீர் பார்க்காமல் ஓட்டிவிட்டான் என்பது ஒன்று. நேரம் சரியில்லை என்பது மற்றது. முதல் பதில் ஒரு மனிதரைக் குற்றம் சொல்கிறது. இரண்டாவது பதில் ஊழைச் சொல்கிறது. கேட்பதற்கு ஒன்றையொன்று அடித்துக்கொள்பவை போல இருந்தாலும் சொல்பவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை. அவர்கள் குழம்பிப் பேசுகிறார்களா, இரண்டு பதில்களுக்கும் உண்மையிலேயே இடம் இருக்கிறதா என்பது எளிய கேள்வி அன்று. தமிழ்நாட்டுச் சமயங்கள் பல நூற்றாண்டுகள் வாதாடிய கேள்வி அது. வாதாடிய சமயங்களின் தடயங்கள் இந்த வட்டாரத்தைச் சுற்றியே இருக்கின்றன. சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர், திருக்கோவிலூருக்குக் கிழக்கே அதிகத் தூரமில்லை. உளுந்தூர்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதர் கோயில் இன்றும் சமணர்கள் வழிபடும் தலம். சின்னசேலத்துக்கு மேற்கே, ஆத்தூர் சாலைப் பக்கம் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன.

கேள்வியைப் பொதுவாக எடுத்துக்கொண்டு பேசுவதைவிட, டிராக்டர் எங்கே எப்படிச் சூடேறுகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. இந்த மாவட்டத்தில் டிராக்டர் உழுவதற்கு மட்டுமல்லாமல் சுமை இழுப்பதற்கும் பெரிதும் பயன்படுகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதால், அரவைப் பருவம் தொடங்கியதும் கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் இரவு பகல் பாராமல் ஓடும். சோகைத் துணுக்கும் தூசியும் ரேடியேட்டர் கண்களில் அடைந்து காற்றை மறிக்கும். கூலண்டுக்குப் பதில் போர்த் தண்ணீரையே ஊற்றிவந்தால் உப்புப் படிந்து உட்குழாய்கள் குறுகும். மலைப்பக்கம் நிலைமை இன்னும் கடுமை. கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் உரமும் சிமெண்டும் மேலே போகும். மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்கி ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகும். ஏற்றத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது இன்ஜின் முழு பலத்தோடு உழைக்கும். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் 900 மீட்டர் உயரத்தில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 110 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. அந்த மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் கொதித்து வழிந்துவிடும்.

ஆக, ஒரு ஹோஸ் ஏன் வெடித்தது என்பதற்குப் பதில் சொல்ல ஊழைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. ரப்பருக்கு வயதாகிவிட்டது, கிளிப் தளர்ந்துவிட்டது, அழுத்தம் கூடியது, அவ்வளவுதான். ஆனால் நட்டப்பட்டவர் கேட்பது அந்தக் கேள்வியை அல்ல. ஊரில் இதே வயதுள்ள ஹோஸ் பத்து வண்டிகளில் இருக்கும்போது என் வண்டியில் ஏன் வெடித்தது, அதுவும் கடன் தவணை கட்ட வேண்டிய மாதத்தில் ஏன் வெடித்தது என்பது அவர் கேள்வி. மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் 1937இல் வெளியிட்ட நூலில் மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடம் இதே வேறுபாட்டைக் கண்டு எழுதினார். தூண்களின் மேல் நிற்கும் தானியக் குதிர் சில நேரம் இடிந்து விழும். கறையான் அரித்ததால் விழுந்தது என்று அசாண்டே மக்களுக்கு நன்றாகத் தெரியும். வெயிலுக்கு ஒதுங்கி அதன் நிழலில் குறிப்பிட்ட சிலர் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது என்பதற்கே அவர்கள் சூனியத்தைக் காரணம் சொன்னார்கள். கறையானும் சூனியமும் அவர்களுக்குப் போட்டிக் காரணங்கள் அல்ல. 'நேரம் சரியில்லை' என்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலே. முதல் கேள்விக்குப் பதிலாக அதை நுழைக்கும்போதுதான் கெடுதல் ஆரம்பமாகிறது.

முதல் கேள்விக்குரிய பதிலை அறிவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தத்துவ நூல்கள் அளவை என்ற தலைப்பில் பேசும் சிக்கல் அது. டேஷ்போர்டில் உள்ள சூட்டு மீட்டர், இன்ஜின் தண்ணீரில் மூழ்கியிருக்கும் ஒரு சிறு சென்சாரிலிருந்து செய்தி வாங்குகிறது. தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். இரும்பு கனன்றுகொண்டிருக்கும்போதே முள் நடுவில் நிற்கலாம், கீழே இறங்கவும் செய்யலாம். தண்ணீர் இருக்கும்வரை உண்மை சொன்ன கருவி தண்ணீர் போனதும் பொய் சொல்கிறது. சைவ சித்தாந்தம் அறிவுக்கு வாயில்களாகக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றைக் கொள்கிறது. முள்ளைக் கண்டதோடு நிற்பவர் காண்டலில் ஏமாறுகிறார். ஏற்றத்தில் இழுவை திடீரெனக் குறைந்தது, வெந்த பெயிண்ட் வாடை வருகிறது, வந்த வழியில் ஈரக்கோடு இருக்கிறது என்பவற்றைச் சேர்த்துப் பார்ப்பவர் கருதலால் தப்பிக்கிறார்.

கருதலும் தவறலாம். மணிமேகலையின் 29ஆம் காதை பௌத்த அளவை நூலைச் சுருக்கித் தருகிறது. புகை இருப்பதால் மலையில் நெருப்பு உண்டு என்பது அதில் சரியான அனுமானத்துக்கு உதாரணம். ஆவியா பனியா என்ற ஐயமே தீராத ஒன்றைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு என முடிவு கட்டுவது ஏதுப்போலிகளில் ஒன்று. மார்கழி, தை மாதங்களில் கல்வராயன் மலையில் விடியற்காலை வண்டி ஓட்டுபவருக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. பானெட் முன்னால் எழுவது பனிமூட்டமா, ரேடியேட்டர் ஆவியா, எண்ணெய் தீய்ந்த புகையா என்பதை அந்த இடத்திலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பனி என்று எடுத்துக்கொண்டால் இன்ஜின் போய்விடும். நெருப்பு என்று பதறி மூடியைத் திறந்தாலோ கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

நடந்தது எப்படி என்பது இவ்வாறு தெளிந்த பிறகு, அதில் வினைக்கு என்ன இடம்? மெய்கண்டார் வழிவந்த சித்தாந்தம் இதற்கு நுட்பமான விடை வைத்திருக்கிறது. ஒரு காரியத்துக்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று மூன்று வேண்டும். மண், சக்கரம், குயவன் என்று அதற்கு மரபான விளக்கம். கன்மம் எனப்படும் வினை இவற்றோடு இன்னொரு கருவியாக வந்து நிற்பதில்லை. அது சடம், தன்னைச் செய்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. அதன் பயனை உரியவரிடம் சேர்ப்பது இறைவனின் ஆணை என்பது சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரம் நிறுவும் கருத்து. முன் செய்து சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம், இந்தப் பிறவியில் அனுபவத்துக்கு வந்தது பிராரத்தம், இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். பிராரத்தம் எப்படி வந்து சேரும் என்பதற்கும் சித்தாந்தம் வழி சொல்கிறது. தெய்வத்தின் வழியாக வரும், உயிர்களின் வழியாக வரும், பூதங்களின் வழியாக வரும். ஏதாவது ஒரு வழியாகத்தான் வரும். வழியே இல்லாமல் வானத்திலிருந்து குதிப்பதில்லை.

இந்த ஒரு கருத்தை ஒப்புக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். வினைப்பயன் வெடித்த ஹோஸின் வழியாக வருகிறது என்றால், ஹோஸைச் சோதிப்பதும் மாற்றுவதும் வினைக்கொள்கையை மறுப்பதாகாது. காய்ச்சல் பிராரத்தம் என்று நம்புகிறவரும் மருந்து சாப்பிடுகிறார். அதை நாத்திகம் என்று எந்த ஆதீனமும் சொன்னதில்லை. அதைவிட முக்கியமானது ஆகாமியம். இன்ஜின் போனது பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், போனபின் உரிமையாளர் என்ன பேசுகிறார், யாரிடம் பணம் பிடிக்கிறார், சுமை ஏற்றிவிட்டவருக்கு என்ன பதில் சொல்கிறார் என்பதெல்லாம் புது வினை. அதற்கு முன்வினையைச் சாக்காகக் காட்ட முடியாது.

எல்லாவற்றையும் முன்பே முடிந்த ஒன்றாகக் கருதிய சமயமும் தமிழகத்தில் இருந்தது. ஆசீவகர்கள் நியதியையே முழு முதலாகக் கொண்டவர்கள். முயற்சியால் எதையும் முந்தவோ பிந்தவோ செய்ய முடியாது என்பது அவர்கள் நிலை. மணிமேகலை அவர்கள் கொள்கையை எடுத்துச் சொல்கிறது. சமணக் காப்பியமான நீலகேசி அதை நேரடியாக வாதுக்கு இழுத்து மறுக்கிறது. ஆசீவகம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் அதன் வாதம் பேச்சு வழக்கில் உயிரோடு இருக்கிறது. ஹோஸ் மாற்றினாலும் வெடிக்கிறது என்று இருந்தால் வெடிக்கத்தான் செய்யும் என்பவர் ஆசீவகரின் வாரிசாகவே பேசுகிறார்.

சமணம் இந்தப் பிரச்சினையைக் கையாண்ட விதம் தனியாகப் பார்க்கத் தக்கது. சித்தசேன திவாகரர் தமது சன்மதி தர்க்கத்தில் காலம், இயல்பு, நியதி, முன்வினை, முயற்சி என ஐந்து காரணங்களைச் சொல்லி, இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது தவறான பார்வை, ஐந்தையும் சேர்த்துக் காண்பதே சரியான பார்வை என்கிறார். ஹோஸுக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது காலம். வெப்பத்தில் ரப்பர் கடினமாகி வெடிப்பது இயல்பு. அன்றைக்கு அந்த ஏற்றத்தில் அந்தச் சுமையோடு போக நேர்ந்தது நியதி. அந்த வண்டியும் அந்தக் கடனும் அவருக்கு வாய்த்தது முன்வினை. காலையில் பானெட்டைத் திறந்து பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் முயற்சியின் கணக்கு. ஐந்தில் மனிதர் கைக்கு எட்டுவது கடைசி ஒன்றுதான். அது சிறியது என்பதற்காக அதை விட்டுவிடச் சமணம் சொல்லவில்லை.

பௌத்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்ற துறவி, மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாம் முன்வினையால் வருவதுதானா என்று புத்தரிடம் கேட்கிறார். புத்தர் ஒப்பவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், அவை மூன்றும் கூடியது, பருவ மாற்றம், முறையற்ற பராமரிப்பு, திடீர்த் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைச் சொல்லி, வினைப்பயன் எட்டில் ஒன்று மட்டுமே என்கிறார். அவர் பேசியது உடலைப் பற்றி. ஆனாலும் முறையற்ற பராமரிப்பு என்பதை வினைக்கு வெளியே தனிக் காரணமாக நிறுத்தியது பெரிய செய்தி. எல்லாவற்றையும் முன்வினை என்று சொல்பவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அந்த உரையாடலின் முடிவு.

திருக்குறளில் இந்தச் சிக்கல் தீராமலே நிற்பதுபோல் தோன்றும். 38ஆம் அதிகாரம் ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்று முடிகிறது. 62ஆம் அதிகாரமோ சலிக்காமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகிடச் செய்வார் என்று முடிகிறது. இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்து வள்ளுவர் முரண்பட்டார் என்று சொல்வது எளிது. ஆனால் ஊழ் அதிகாரத்தின் முதல் இரண்டு குறள்களை நிதானமாகப் படித்தால் வேறொன்று புலப்படும். கைப்பொருள் போவதற்கான ஊழ் வந்தால் சோம்பல் தோன்றும், அறிவு மழுங்கும் என்கின்றன அவை. அதாவது ஊழ் வெளியிலிருந்து வந்து ஹோஸைக் கிழிப்பதில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடும் மந்தமாக மனிதருக்குள்ளேயே வேலை செய்கிறது. ஊழும் கவனக்குறைவும் இரண்டு தனித்தனிக் காரணங்கள் என்ற எண்ணமே இங்கே ஆட்டம் கண்டுவிடுகிறது. நேரம் சரியில்லை என்பதும் தண்ணீர் பார்க்கவில்லை என்பதும் ஒரே நிகழ்ச்சியின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஆகிவிடுகின்றன.

அப்படியானால் யாரையும் குறை சொல்ல முடியாதே என்ற கேள்வி எழும். 618ஆம் குறள் அதற்கு விடை தருகிறது. நல்லூழ் இல்லாமற்போவது யாருக்கும் பழியாகாது. அறிய வேண்டியதை அறிந்து முயலாமல் இருப்பதே பழி என்பது அதன் கருத்து. மந்தம் எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சி வேறு, அதற்குப் பொறுப்பு யாருடையது என்பது வேறு. 54ஆம் அதிகாரமான பொச்சாவாமை இந்த மறதியையே தனியாக எடுத்துக்கொள்கிறது. மகிழ்ச்சி மிகுந்து வரும் மறதி, அளவு கடந்த கோபத்தைவிடத் தீயது என்று அது தொடங்குகிறது. வறுமையில் ஒரு சொட்டு ஒழுக்கையும் கவனிக்கும் குடும்பம், கரும்புப் பணம் கைக்கு வந்துகொண்டிருக்கும் மாதத்தில் வாட்டர் பம்புக்குக் கீழே சொட்டும் ஈரத்தைக் கவனிக்காமல் விடுவதுண்டு. பம்பின் அடியில் ஒரு சிறு கசிவுத் துளை இருக்கும். உள்ளே சீல் தேயத் தொடங்கியதும் அதன் வழியாகச் சொட்டு விழும்படி வேண்டுமென்றே வைக்கப்பட்ட துளை அது. பம்ப் கைவிடுவதற்கு முன்னரே அது சொல்லிவிடுகிறது. சொட்டு விழுகிறதே என்று அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். வந்த எச்சரிக்கையை வாயடைப்பது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

வழிபாடு இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. ஆயுத பூஜை அன்று டிராக்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுக்கிறார்கள். புது வண்டிக்குக் கோயில் வாசலில் பூஜை உண்டு. கண்ணேறு படாமலிருக்க எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. இதை ஒரு காப்பீட்டு ஒப்பந்தமாகப் புரிந்துகொண்டால் சிக்கல்தான்: பூஜை போட்ட மாதமே இன்ஜின் போனால் தெய்வம் வாக்குத் தவறிவிட்டது என்றாகும். பக்தர்கள் அப்படி நினைப்பதில்லை. மலைச்சாலையில் இன்ஜின் திடீரென நின்று, பவர் ஸ்டீயரிங் இறுகி, பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளியும் ஆள் பிழைத்துவிட்டால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கும்பிடுகிறார்கள். இழப்பு நேராமல் தடுப்பது மட்டுமே அருள் என்று அவர்கள் கணக்கு வைப்பதில்லை. நேர்ந்ததன் அளவிலும் அருளைக் காண்கிறார்கள். வினை முழுக்க நீங்காவிட்டாலும் இறையருளால் அதன் தாக்கம் மெலியும் என்ற சைவ நம்பிக்கையோடு இது ஒத்துப்போகிறது.

பூஜையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதற்கே கூடுதல் மதிப்புத் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள் கருவியை நிறுத்தி, கையால் தொட்டு, மூலைமுடுக்கெல்லாம் துடைத்து, அதனால் வாழ்கிறோம் என்று நினைக்கச் சொல்லும் சடங்கு அது. அந்தக் கழுவலில் ரேடியேட்டர் கண்களில் அடைந்த சோகை வெளியே வருகிறது. ஹோஸை விரலால் அழுத்தினால் மொறமொறவென்று ஆகிவிட்டது தெரியவருகிறது. பக்தி கவனமாக மாறும் இடம் இது. கண்ணேறு என்று சொல்லி மிளகாயைக் கட்டிவிட்டுப் பானெட்டைத் திறக்காமல் இருப்பது பக்தியின் பெயரால் செய்யும் பொச்சாப்பு.

இந்த நட்டத்தில் மூன்று தரப்பு உண்டு: வண்டி உரிமையாளர், கூலிக்கு ஓட்டும் ஓட்டுநர், சுமைக்கு உரியவர். மூன்றாமவரைப் பற்றிப் பேசுபவர் குறைவு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி விவசாயி ஒருவர் பிடுங்கிக் கொடுத்த மரவள்ளி, நடுவழியில் நின்ற டிரெய்லரில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு விழுந்து கெடத் தொடங்கும். அவர் எந்த ஹோஸையும் பார்க்காமல் விடவில்லை, எந்த மீட்டரையும் தவறாகப் படிக்கவில்லை. எனக்கு ஏன் என்ற கேள்வி முழு நியாயத்தோடு எழுவது அவரிடம்தான். அவர் அதை ஊழ் என்று ஆற்றிக்கொண்டால் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. உன் ஊழ் என்று வண்டிக்காரர் அவரிடம் சொல்ல முடியாது. வண்டிக்காரருக்கும் அவருக்கும் இடையில் இருப்பது கடன்.

ஓட்டுநரின் நிலை வேறு வகையில் கடினம். ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸும் அமெரிக்கரான தாமஸ் நேகலும் 1976இல் ஒரே கருத்தரங்குக்காக எழுதிய இரு கட்டுரைகள், அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டா என்ற விவாதத்தைத் தொடங்கிவைத்தன. வாகனத்தைச் சரிவரச் சோதிக்காத இரண்டு ஓட்டுநர்களில் ஒருவர் எதிரே குழந்தை குறுக்கிட்டு விபத்தாகிறது. மற்றவர் வீடு போய்ச் சேருகிறார். பிழை ஒன்றே, பழி மட்டும் ஒருவருக்கு. டிராக்டருக்கும் இது பொருந்தும். காலையில் தண்ணீர் பார்க்காமல் வண்டி எடுத்த ஓட்டுநர்கள் பலர். ஹோஸ் வெடித்தவரின் பேட்டா மட்டும் பிடிக்கப்படுகிறது. பிழைக்காகப் பிடிப்பதானால் எல்லாரிடமும் பிடிக்க வேண்டும். பிழையைத் தாண்டி வெடித்ததற்காகவும் பிடிப்பது, அதிர்ஷ்டம் கெட்டதற்குத் தண்டம் விதிப்பதாகும். 618ஆம் குறள் பழியில்லை என்று சொன்ன இடத்தில் பழி போடுவது அது.

ஓட்டுநரின் பொறுப்பு உண்மையில் எங்கே தொடங்குகிறது என்றால், ஆவி கிளம்பிய பிறகு. இன்னும் ஒரு வளைவுதானே, ஆலை வாசல் தெரிகிறதே என்று ஓட்டிவிடத் தோன்றும் அந்த நிமிடத்தில் நிறுத்தினால் செலவு ஒரு ஹோஸோடும் கொஞ்சம் கூலண்டோடும் போகும். நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மூடியைத் தொடாமல், இரும்பு ஆறும்வரை அரைமணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். கனன்று நிற்கும் ஹெட்டில் ஓடைத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஆனால் நிறுத்தும் துணிவு ஓட்டுநருக்கு இருக்க வேண்டுமானால், தாமதத்துக்குத் திட்டு விழாது, கூலி குறையாது என்ற உறுதி முன்பே கிடைத்திருக்க வேண்டும். அந்த உறுதியைத் தராத உரிமையாளர், ஓட்டச் சொல்லித் துரத்தியவர்களில் ஒருவர் ஆகிறார்.

பிழைக்கும் கெட்ட அதிர்ஷ்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் அறிந்திருக்கிறது. ஆலைத் தொழிலாளர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், பொருள் சேதத்துக்காகக் கூலியில் பிடிக்க வேண்டுமானால் அந்தச் சேதம் நேரடியாகத் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும், பிடிக்கும் தொகை சேதத்தைத் தாண்டக் கூடாது, அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று விதித்தது. வயலிலும் மலைச்சாலையிலும் வாய்ப்பேச்சுக் கூலிக்கு ஓட்டுபவரை இத்தகைய பாதுகாப்பு எட்டுவது அரிது. அங்கே நியாயம் உரிமையாளரின் மனத்தைப் பொறுத்தே நிற்கிறது. அந்த மனத்தைச் சமயம் எப்படிப் பழக்கியிருக்கிறது என்பது இதனால்தான் முக்கியமாகிறது.

சித்தாந்தத்தின் முப்பத்தாறு தத்துவங்களில் நியதி ஒன்று. ஒருவர் வினைப்பயன் இன்னொருவரைச் சேராமல் அவரவர்க்கென்று வரையறுத்துக் கொடுப்பது அதன் தொழில். நேரம் சரியில்லை என்று சொல்லும் உரிமையாளர் தன் நேரத்தைத்தான் சொல்கிறார். தன் ஊழால் வந்த நட்டம் என்றால் அந்த நட்டம் அவருடையது. அதை ஓட்டுநரின் கூலியில் ஏற்ற அவர் நம்பும் சமயமே இடம் தரவில்லை. ஊழ் இல்லை, கவனக்குறைவுதான் என்று அவர் நிலையை மாற்றிக்கொண்டால், யாருடைய கவனக்குறைவு என்று காரணங்களை வரிசையாகப் பார்த்தாக வேண்டும். ஹோஸ் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றச் சொன்னது யார், கூடுதல் சுமை ஏற்றச் சொன்னது யார், காலையில் பானெட்டைத் திறந்து பார்க்க ஓட்டுநருக்கு நேரம் கொடுக்கப்பட்டதா என்று கேட்டுக்கொண்டே போனால் பெரும்பாலான விடைகள் வண்டி வாங்கியவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். ஒரே நட்டத்துக்குத் தனக்கு ஊழையும் ஓட்டுநருக்குக் குற்றத்தையும் பங்கு வைப்பது எந்தச் சமயத்தின் கணக்கிலும் சேராது. ஹோஸ், கிளிப், மூடி, கூலண்ட் ஆகியவற்றின் செலவு உரிமையாளருடையது. அவற்றை மாற்றாமல் விட்டதால் போன இன்ஜினின் செலவும் அவருடையதே.